வேணுமா என்று ஒரு தடவைதான் கேட்டார்கள்

1

இன்றோடு நான் நெதர்லாந்து வந்து இரண்டு வருஷம் முடிகிறது. காலையில் போன் தானாகவே ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டியது. ஏர்போர்ட் வாசலில், ஆகஸ்ட் மாத வெயிலில், இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய நிற்கிறேன். ஐரோப்பா என்றாலே குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்த ஆள். முகத்தில் மட்டும் கெத்து குறையவில்லை.

பெயர் ஜெபா. ஊர் தர்மபுரி பக்கம் கம்பைநல்லூர். தோட்டக்கலை படித்துவிட்டு இங்கே வந்து ஒரு வருஷம் மேல்படிப்பு முடித்தேன். இப்போது ஒரு தக்காளிப் பண்ணையில் இருக்கிறேன். பண்ணை என்றதும் நம் பக்கத்துத் தோட்டத்தை நினைக்க வேண்டாம். கடலோரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிக் கூடாரம். உள்ளே தக்காளிச் செடி கயிற்றில் தொங்கியபடி ஆள் உயரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டி மேல் ஏறி நின்று இலை கிள்ளுவோம், கயிறு இறக்குவோம், தண்டு எவ்வளவு தடிமன் என்று அளந்து எழுதுவோம். முதல் நாள் பார்த்தபோது ஒன்று தோன்றியது. இந்தச் செடிக்கு இவர்கள் கொடுக்கும் மரியாதையைப் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் நம் ஆட்கள் பார்த்தால் அசந்துபோய்க் கூடையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இங்கே படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட ஒரு வருஷம் கொடுப்பார்கள். அதற்கு ஒரு அட்டை. அட்டை முடிவதற்குள் யாராவது ஒப்பந்தம் போட்டு வேலை கொடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் பண்ணையில் நான் தற்காலிக ஆள், அட்டையில் மிச்சமிருந்தது பத்து வாரம். அந்த நிலைமையில், தேடி வந்த வேலையை நானே வேண்டாம் என்று சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

காபி மெஷின் பக்கத்தில் நடந்தது. எங்கள் பிளாக்கின் மேற்பார்வையாளர் மார்லூஸ், ஆறடி உயரப் பெண்மணி, கப்பைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"ஜெபா, மூணாவது பிளாக்குக்கு ஒரு உதவிச் சாகுபடியாளர் வேணும். நிரந்தரமான வேலை. உனக்கு வேணுமா?"

உள்ளே எனக்கு மேளம் அடித்தது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஐயோ, பரவாயில்லை. எனக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்க. அவங்களைக் கேளுங்க."

"சரி. புரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு அவர் காபியோடு போய்விட்டார்.

நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவை கேட்பார் என்று. மத்தியானம் வரிசைப் பக்கம் வந்தார், தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் கையாட்டினார். மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பேப்பர் ஒட்டிவிட்டார்கள்: அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் பையனுக்கு மூளை சரியில்லை என்பார்கள். கம்பைநல்லூரில் படிப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

3

நம் பக்கத்துச் சட்டம் எழுதப்படாதது, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். யார் வூட்டுக்குப் போனாலும் "சாப்புடுங்க" என்பார்கள். "இல்லீங்க, இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்று சொல்ல வேண்டும். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "அட, ஒரு வாய் சாப்புடுங்க" என்று இரண்டாவது அழைப்பு. "வேணாங்க, வயிறு ஃபுல்லா இருக்குது." மூன்றாவதில் அந்த வூட்டு அம்மா கேட்கவே மாட்டார், தட்டைப் போட்டுவிடுவார். அப்போது "ஐயோ, எதுக்குங்க" என்று முனகிக்கொண்டே உட்கார வேண்டும். முதல் தடவையிலேயே சரி என்று உட்கார்ந்துவிட்டால் அவன் கதை முடிந்தது. "அலையறான்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

காலேஜில் என்கூடப் படித்தவன் முருகேசன், வத்தல்மலைக்காரன். ஒரு நாள் அவனை எங்கள் வூட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா இரண்டு தடவை கேட்டு, மூன்றாவதில் தட்டையும் போட்டாள். மூன்று தடவையும் வேணாங்க என்றான். சரி, உண்மையாகவே பசியில்லை போல என்று அம்மா பாத்திரத்தை மூடிவிட்டாள். அரை மணி நேரம் கழித்து என் தங்கச்சி ஷேரன் வந்து என் காதில் சொன்னாள்.

"ண்ணா, உன் ஃப்ரெண்டு வயிறு கத்துது. எனக்கே கேக்குது."

அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் மலையில் நாலு தடவை கேட்க வேண்டுமாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "சொல்லக் கூடாதாடா சாமி, எனக்கென்ன உங்க ஊரு கணக்கு தெரியுமா" என்று சோறு போட்டாள். அவன் மூன்று தட்டு சாப்பிட்டான். அடுத்த மாதம் அவன் வூட்டுக்குப் போனபோது நான் தயாராகப் போனேன். மூன்று தடவை வேண்டாம் சொல்லிவிட்டு நாலாவது அழைப்புக்கு முன்னாடியே கை கழுவினேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். யாரையும் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடாத ஊர் அது. வந்தவன் வாயால் வேண்டாம் என்றாலும் வயிறு என்ன சொல்கிறது என்று பார்க்கிற ஊர்.

இங்கே வந்த புதிதில் கூட வேலை செய்பவர் வூட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கேக் வேணுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். டப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். டப்பி மூடுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

4

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் இன்னொன்று. மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். முக்கால்வாசிப் பேர் இலங்கைக்காரர்கள். நான் போவதற்கு முதல் காரணம், உண்மையைச் சொல்கிறேன், கூட்டம் முடிந்ததும் கிடைக்கும் சாப்பாடு. ஊரில் இருந்தவரை சண்டே கிளாஸ் பரிசெல்லாம் வாங்கிய பிள்ளை நான். இங்கே வந்ததும் வேதாகமம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. "வேதம் வாசிக்கறியாடா" என்று அம்மா கேட்பாள். "ம்" என்பேன். அந்த "ம்" எப்படிப்பட்டது என்று அவளுக்கும் தெரியும்.

கூட்டத்தை நடத்துபவர் சாமுவேல் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், பேசுவதைக் கதைப்பது என்பார், போதும் என்பதைக் காணும் என்பார். பலகையில் பேப்பர் ஒட்டிய அதே வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அடுத்த முறை நீர்தான் கதைக்க வேணும். பத்து நிமிஷம் காணும். இயேசு தனித்தனி ஆக்களோட கதைச்சதுகள் இருக்கெல்லோ, அதைப் பற்றி."

"ஐயோ அண்ணா, நான் எங்க. பெரியவங்க இருக்காங்க."

"பெரியாக்கள் கதைச்சுக் கதைச்சு எங்களுக்கே நித்திரை வருது. நீர் கதையும்."

"வேணாம் அண்ணா."

"சரி, உம்மட பேரை எழுதியாச்சு."

பார்த்தீர்களா, மூன்றாவதில் கேட்கவே இல்லை, எழுதியே விட்டார். இவர்களல்லவா மனிதர்கள்.

5

சாப்பாட்டு இடைவேளையில் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து போனில் வாசிக்க ஆரம்பித்தேன். என் திட்டம் என்னவென்றால், கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசியதை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்ததையே கொஞ்சம் ஸ்டைலாகச் சொல்லி முடித்துவிடலாம். அதைத் தேடி யோவானைத் திறந்தவன் ஒரு அதிகாரம் தள்ளிப் போய்விட்டேன். அங்கே பெதஸ்தா குளம்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக என் வார்த்தையில் சொல்கிறேன். குளத்தில் தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்கு வியாதி குணமாகும் என்று ஜனங்கள் காத்துக் கிடக்கிறார்கள். ஒருத்தன் முப்பத்தெட்டு வருஷமாகப் படுத்த படுக்கை. இயேசு வந்து அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: உனக்குக் குணமாகணுமா? ஆமாம், இல்லை, இரண்டே பதில்தான் இருக்கிறது. அவன் என்ன சொல்கிறான்? என்னை இறக்கிவிட ஆள் இல்லை, நான் போவதற்குள் எனக்கு முன்னால் வேறொருத்தன் இறங்கிவிடுகிறான் என்கிறான்.

படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அட லூசு, வேணுமா என்று கேட்டால் வேணும் என்று சொல்ல வேண்டியதுதானே, எவன் முன்னால் இறங்கினான் என்றா கேட்டார்கள்?

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்க. காபி மெஷின் பக்கத்தில் நின்று நான் சொன்னது அதேதான்.

அதற்கு அப்புறம் நிறுத்த முடியவில்லை. நாலு நாள் இடைவேளை முழுக்க இதே வேலை. எரிகோ ரோட்டோரம் பார்வையில்லாத பர்திமேயு உட்கார்ந்து, எனக்கு இரங்கும் என்று இயேசுவைக் கூப்பிட்டுக் கத்துகிறான். கூட்டமே அவனைச் சும்மா இரு என்று அதட்டுகிறது. நம் ஊராக இருந்தால் அலையறான் என்றிருப்பார்கள். இயேசு அவனைக் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்யணும் என்று கேட்கிறார். பார்வையில்லாதவனிடம் இது என்ன கேள்வி? பார்த்தாலே தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறார். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நம் தேவையை யாராவது அவர்களாகவே கண்டுபிடித்துக் கொடுத்தால் அது தர்மம். நம்மைக் கேட்டு, நாம் வாய் திறந்து சொல்லி வாங்கினால் அதில் நமக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. அவன் ஒரு நொடி யோசிக்கவில்லை. பார்வை வேண்டும் என்றான். அவ்வளவுதான்.

மோசே ரொம்ப மோசம். எரிகிற செடிக்குள்ளிருந்து கடவுளே கூப்பிட்டு வேலை கொடுக்கிறார். நான் யார், எனக்குப் பேச வராது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சாக்கு மேல் சாக்கு. கடைசியில் கடவுளுக்கே கோபம் வந்துவிடுகிறது. அடக்கம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி பயம் என்பது அங்கே எனக்கு உறைத்தது. வேலையை ஏற்றுக்கொண்டு சொதப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வேண்டாம் என்று சொன்னபோது அந்தப் பயமும் என் வாயில்தான் இருந்தது.

6

ஞாயிறு சாயங்காலம் ஷேரனோடு வீடியோ கால். அவள் தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முகம் மாறியது.

"இன்னும் எத்தன வாரம் இருக்குது?"

"ஒம்பது."

"அந்தக்காகிட்ட போயி எனக்கு வேணும்னு சொல்றத வுட்டுட்டு எதுக்கு என்கிட்ட கத சொல்லிட்டு இருக்கற?"

"எப்புடிடீ போயி கேக்கறது. ஒரு தடவ வேணாம்னு சொல்லியாச்சு. இப்ப போயி நின்னா என்ன நெனைப்பாங்க."

"என்ன நெனைப்பாங்க?"

"அலையறான்னு."

"அங்க அந்த வார்த்த இருக்குதா?"

நான் விடவில்லை. கையில் வேதாகமம் வேறு இருந்தது.

"ஏய், இயேசுவே நம்ம ஊரு மாதிரிதாண்டி பண்ணியிருக்காரு. எம்மாவு ரோட்டுல ரெண்டு பேரோட பேசிக்கிட்டே நடந்து வராரு. அவங்க ஊரு வந்ததும் இவரு அந்தாண்ட போறவராட்டம் பண்றாரு. அவங்க, பொழுது சாயுதுங்க, எங்களோட தங்குங்கன்னு கையப் புடிச்சு இழுக்கறாங்க. அப்பதான் உள்ள போறாரு. அப்புடியே நம்மூரு விருந்தாளி."

"சரி. அவரு போறவராட்டம் பண்ணாரு. அங்க பசி யாருக்கு, தேவ யாருக்கு?"

"அந்த ரெண்டு பேருக்குத்தான்."

"கூப்டது யாரு?"

"அவங்கதான்."

"அப்ப தேவ இருக்கறவங்கதான் விடாம கூப்டாங்க. உனக்குத் தேவ இருக்குது, நீ போறவனாட்டம் பண்ணிட்டு நிக்கற. நீ என்ன இயேசுவா?"

நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரியும். இந்த அளவுக்கு என்று தெரியாது.

கடைசியில் அவளே ஒன்றை ஞாபகப்படுத்தினாள். மகளைக் குணமாக்கக் கேட்டு வந்து நின்ற கானானியப் பெண்ணை. இயேசு முதலில் பதிலே சொல்லவில்லை. சீஷர்கள் அனுப்பிவிடுங்கள் என்றார்கள். அப்புறம், பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று கடுமையான ஒரு வார்த்தை. அவள் போகவில்லை. மேஜையிலிருந்து விழும் துணுக்கை நாய்க்குட்டியும் தின்னுமே ஆண்டவரே என்றாள். அந்தப் பதிலுக்காகவே உன் விசுவாசம் பெரிது என்று பாராட்டு வாங்கினாள்.

"அவ அலையலயா? நல்லா அலைஞ்சா. மக பொழைச்சா. போன வை, எனக்கு டியூட்டி இருக்குது," என்று ஷேரன் கட் செய்துவிட்டாள்.

7

திங்கட்கிழமை காலை மார்லூஸின் அறைக் கதவைத் தட்டினேன். காலேஜில் பேச்சுப்போட்டியில் மைக்கை விடாத ஆள். அன்றைக்கு ஒரே ஒரு வரியைத்தான் தயாராக வைத்திருந்தேன்.

"அந்த வேலை எனக்கு வேணும்," என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் பெயர், பக்கத்தில் ஒரு கட்டம், 'விருப்பமில்லை'.

"நீதானே வேண்டாம்னு சொன்னே?"

அதற்கு அப்புறம் பத்து நிமிஷம் நம் ஊர்ச் சட்டத்தை ஒரு டச்சுக்காரப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். மூன்று தடவை கேட்பது, இரண்டு தடவை மறுப்பது, மலையில் நாலு என்பது வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ யோசித்தார்.

"அப்போ கம்பெனி செலவுல டச்சு வகுப்பு வேணுமான்னு கேட்டேனே?"

"வேணும்தான்."

"மழைக்கோட்டு?"

"வேணும்."

"மழையில நனைஞ்சுக்கிட்டுத்தானே சைக்கிள்ல வந்தே, குளிர்காலம் முழுக்க?"

"ஆமா."

"ஞாயிற்றுக்கிழமை லீவு?"

"அதுவும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஜெபா, இத்தனை நாளா நீ ஒண்ணும் தேவைப்படாத ஆள்னு நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். கொஞ்சம் திமிர் பிடிச்சவன்னுகூட."

கேளுங்கள் கதையை. அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்க நான் பட்ட பாடு, இங்கே திமிர் என்று எழுதப்பட்டிருக்கிறது.

"நான் ஒரு தடவைதான் கேட்பேன். எல்லாரையும் அப்படித்தான்," என்றார். "வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா அதை நம்புறதுதான் அவருக்கு நான் கொடுக்கிற மரியாதை."

அதுவும் ஒரு மரியாதைதான், ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் வயிற்றை நம்புகிறோம், இங்கே வாயை நம்புகிறார்கள்.

கட்டத்தை அவர் நினைத்தபடி மாற்ற முடியாதாம். நான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கூடவே ஒரு கடிதம், பட்டச் சான்றிதழ், அட்டையின் இரண்டு பக்க நகல், அப்புறம் வியாழக்கிழமை, வெளியிலிருந்து விண்ணப்பித்த இரண்டு பேரோடு எனக்கும் நேர்காணல். விண்ணப்பப் பக்கம் என் குடும்பப் பெயர் எது என்று கேட்டுவிட்டு அப்பா பெயரை வாங்கிக்கொண்டது. அதனால் நேர்காணல் அழைப்பு 'மிஸ்டர் ஏசுதாஸ்' என்று எங்கள் அப்பாவுக்கு வந்தது.

8

நேர்காணலில் மார்லூஸ், பக்கத்தில் பண்ணையின் தலைமைச் சாகுபடியாளர். மூன்றாவது பிளாக்கில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். இலை கிள்ளிய காயத்தில் பூஞ்சணம் பிடித்துத் தண்டு அழுகிக்கொண்டிருந்தது. மருந்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய ஜெபா என்றால், நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா என்று ஆரம்பித்திருப்பான். நான் பர்திமேயுவை நினைத்துக்கொண்டேன்.

"சாயங்காலம் இலை கிள்றோம். ஈரம் ஏறுற நேரம், காயம் ஆறாது. காலையில வெயில் ஏறினதும் கிள்ளினா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். எங்க ஊர்ல மழைக்காலத்துல பொழுது சாய்ஞ்சா செடியில யாரும் கை வைக்க மாட்டாங்க. ஆளுங்க ஷிப்டை மாத்துங்க, மருந்து அப்புறம் பார்க்கலாம். இந்த வேலை எனக்கு வேணும். இந்தச் செடியை எனக்குத் தெரியும்."

தலைமைச் சாகுபடியாளர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். மார்லூஸ் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலிருந்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவு திங்கட்கிழமை என்றார்கள்.

நடுவில் சனிக்கிழமை, என் பத்து நிமிஷம். எழுதி வைத்த ஸ்டைல் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, காபி மெஷினிலிருந்து நேர்காணல் வரை நடந்ததைச் சொன்னேன். வேலை கிடைக்குமா என்று அப்போது எனக்கே தெரியாது. வேதத்தில் இந்தப் பேச்சுகளைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று புரிந்தது என்றேன். ஒரே ஃபார்மை எல்லோரிடமும் நீட்டுகிறவர் அல்ல இயேசு. கிணற்றடியில் தண்ணீர் கொடு என்று தானே கேட்கிறார். மரத்தின் மேல் ஒளிந்திருந்த சகேயுவிடம் உன் வூட்டுக்கு வருகிறேன் என்று அழைக்காமலே கிளம்புகிறார். பேதுருவிடம் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை. குளத்தங்கரையில் ஒரே தடவை. ஆளுக்குத் தகுந்த பேச்சு. ஆனால் ஒருத்தரிடமும், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று பேசாமல் விட்டதில்லை. ஜெபம் என்று நான் இத்தனை வருஷம் செய்ததெல்லாம், ஒன்றும் வேண்டாம் ஆண்டவரே, உம்முடைய சித்தம் என்று நல்ல பிள்ளையாக நின்றது. மனதுக்குள் இருந்ததை ஒரு நாளும் சொன்னதில்லை.

முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமுவேல் அண்ணன் எழுந்து, "பதினேழு நிமிஷம் கதைச்சிட்டீர்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த முறையும் கதையும்," என்றார். சரி என்றேன், உடனே. அவர் அடுத்த வற்புறுத்தலுக்குத் தயாராக வாயைத் திறந்திருந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

9

திங்கள் பதினொரு மணி இருக்கும். வண்டி மேல் நின்று கயிறு இறக்கிக்கொண்டிருந்தேன். மார்லூஸ் வரிசைக்குள் வந்து கீழே நின்றார்.

"முதலில் ஒரு வருஷ ஒப்பந்தம். அப்புறம் நிரந்தரம். உன் அட்டைக்கு அது போதும், கேட்டுட்டேன். வேணுமா?"

"வேணும்."

"சரி. புரிஞ்சுது," என்றார். போய்விட்டார். வரிசையில் பாதி மிச்சமிருந்தது. முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். மனசு வேறெங்கோ இருந்ததில் இரண்டு காயைத் தவறிக் கிள்ளிவிட்டேன். அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லீவில் வூட்டுக்கு வந்திருந்த ஷேரன் பக்கத்தில் நின்று நடுநடுவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்த எடுப்புல வேணும்னு சொல்லிட்டியா?" என்றாள் அம்மா. குரலில் நிஜமாகவே கவலை. "அவங்க ஒண்ணும் நெனைச்சுக்கலயே கண்ணு?"

"இல்லம்மா. இங்க அப்புடித்தான்."

"ம்." குக்கர் விசில் ஒன்று கேட்டது. இந்த இரண்டு வருஷத்தில் உனக்கு என்னம்மா வேணும் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு என்னடா வேணும், நீ நல்லா இருந்தா போதும் என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. நானும் அதை நம்பி, சரிம்மா என்று வைத்துவிடுவேன்.

"அப்ப நானும் ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளும்மா."

"கிறிஸ்மஸுக்கு வா. வந்து நம்ம சர்ச்சுல நின்னு, அங்க பேசுனியே, அத பேசு. நான் உக்காந்து கேக்கணும். எனக்கு அது வேணும்."

ஷேரன் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

வரேம்மா என்றேன். போனை வைத்துவிட்டு நேராக மார்லூஸின் அறைக்குப் போனேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துகூட ஆகவில்லை, அதற்குள் டிசம்பரில் மூன்று வாரம் லீவு வேண்டும் என்று நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். லீவு ஃபார்மை எடுத்து நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில், எங்க அம்மா கேட்டாங்க என்று எழுதிக் கொடுத்தேன்.